புதுப்பிப்பு: விண்டோஸ் 7 ஸ்டிக்கி நோட்ஸ் குறிப்புகளை விண்டோஸ் 10-க்கு மாற்றுவது

திரையில் சிறு குறிப்புகளை ஒட்டிவைக்கும் ஸ்டிக்கி நோட்ஸின் பழைய ‘ஸ்டிக்கிநோட்ஸ்.எஸ்என்டி’ (StickyNotes.snt) கோப்பை, விண்டோஸ் 10-இல் அந்தச் செயலி தன் தரவை வைக்கும் லோக்கல்ஸ்டேட் (LocalState) ஃபோல்டரில் போட்டால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதி வழிதான்.

கோப்பு இருப்பது பழைய கணினியில் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், ஸ்டிக்கி நோட்ஸ் என்ற வரிசையில். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். பென் டிரைவில் எடுத்ததும் பெயரை ‘த்ரெஷோல்ட்நோட்ஸ்.எஸ்என்டி’ (ThresholdNotes.snt) என மாற்றுங்கள். புதிய கணினியில் லோக்கல்ஸ்டேட்டுக்குள் ‘லெகசி’ (Legacy) என்ற ஃபோல்டரை நீங்களே உருவாக்கி அதில் வையுங்கள். பிறகு ஸ்டிக்கி நோட்ஸைத் திறந்தால் குறிப்புகள் வந்துவிடும்.

வராவிட்டால் பெரும்பாலும் ஒரே காரணம்: செயலியை முன்பே ஒருமுறை திறந்திருப்பீர்கள். அப்போதே, குறிப்புகளைச் சேமிக்கும் ‘ப்ளம்.எஸ்க்யூலைட்’ (plum.sqlite) என்ற கோப்பு லோக்கல்ஸ்டேட்டில் உருவாகிவிடும், அது இருந்தால் லெகசி பக்கம் செயலி திரும்பிப் பார்க்காது. செயலியை மூடி, ப்ளம் என்று தொடங்கும் கோப்புகள் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறங்கள். அழிக்க வேண்டாம். கடைசியாக எழுதியவை ‘-wal’ என்று முடியும் துணைக்கோப்பில்தான் இருக்கக்கூடும்.

அப்படியும் வரவில்லையா? எஸ்என்டி கோப்பை 7-ஜிப் (சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் செயலி) கொண்டு திறங்கள். ஒவ்வொரு குறிப்பும் தனி ஃபோல்டர். அதிலுள்ள ‘0’ என்ற கோப்பை வெளியே எடுத்து, பெயரின் கடைசியில் ‘.rtf’ (ஆர்டிஎஃப்) சேர்த்தால் வேர்டில் அப்படியே திறக்கும். தமிழில் எழுதிய குறிப்பும் இந்த வழியில் கிடைக்கும்.