பழைய மசில் கார்கள்: பானெட்டைத் திறந்தால் தெரியும் சங்கதிகள்

மசில் கார் என்றால் பெரிய எஞ்சின் வைத்த, 1960, 70-களின் வேகமான அமெரிக்கக் கார். அதில் ஜெனரல் மோட்டார்ஸின் போன்டியாக் பிரிவு விட்ட 1964 ஜி.டி.ஓ. பிறந்த விதமே தனி அழகு. நடுத்தர அளவுக் காரில் 330 க்யூபிக் இன்ச்சுக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் ஜி.டி.ஓ.வைத் தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் லெமான்ஸுக்கான ஆப்ஷன் என்று எழுதி, 389 வி8-ஐ உள்ளே இறக்கிவிட்டார்கள். நாலு பேரல் கார்புரேட்டரோடு 325 குதிரைத்திறன். இரண்டு பேரல் கார்புரேட்டர் மூன்று வைத்த ட்ரை-பவரில் 348.

அந்த வேலைதான் இன்றைக்கு வாங்குபவருக்குத் தலைவலி. 1964, 65 வண்டிகளின் சேசிஸ் எண்ணில் ஜி.டி.ஓ. என்பதற்கு அடையாளமே கிடையாது. சாதாரண லெமான்ஸில் பேட்ஜ் ஒட்டினாலும் எண் பொருந்தும். 1966 முதல் 242 என்று தொடங்கும், பார்த்ததும் தெரியும். முதல் இரண்டு வருட வண்டி என்றால் தொழிற்சாலைப் பதிவுகளை வைத்திருக்கும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தரும் பழைய பில் நகலைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

*

எனக்கு இந்தக் கார்களில் மிகவும் பிடித்த பாகம் ஷெவ்ரலே வி8-இன் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மின்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் பாகம். மூடியில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும், தகரத்தைத் தூக்கினால் திறக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1/8 இன்ச் ஆலன் கீயை அதன் வழியே விட்டு பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் தொடுமுனை) இடைவெளியைச் சரிசெய்யலாம். கீயை வலப்பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். எஞ்சின் மிஸ் அடிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அரைச் சுற்று இடப்பக்கம் திருப்புங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் ட்வெல் மீட்டர் வைத்துப் பார்த்தால் 30 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். காது மட்டும் வைத்து இவ்வளவு துல்லியம் கிடைக்கிற எஞ்சின் வேறு எது?

வரிசை முக்கியம்: முதலில் பாயிண்ட், அப்புறம்தான் டைமிங் (பொறி விழும் நேரம்). டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் உள்ள கேமில் உரசும் பாயிண்டின் ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் தானாகப் பின்தங்கும். "வண்டி இழுவை குறைஞ்சிடுச்சு" என்று கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும். புது பாயிண்ட் போடும்போது கேமில் துளி கிரீஸ் தடவ மறந்தால் கட்டை சீக்கிரமே தேய்ந்துவிடும். டைமிங் பார்க்கும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிடுங்கள்.

*

கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் இக்னிஷன் தொல்லை வேறு மாதிரி வரும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட் ஆகும், சாவியை விட்டதும் அணைந்துவிடும். கேட்டாலே சொல்லிவிடலாம், காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டர் போய்விட்டது. ஃபயர்வாலில் திருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டைதான் அது. செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு நேராகக் காயிலுக்குப் போகும். சாவியை விட்டதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஸ்பேர் ஒன்று டேஷ்போர்டுப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். வயர் வைத்து நேரடியாக இணைத்துவிட்டு நாள்கணக்கில் ஓட்டினால் பாயிண்டும் காயிலும் கருகும்.

இன்னொன்று. 1970 வரை வந்த பல கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர்மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். போல்ட் முனையில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டயர் கடையில் ஏர் கன்னை வைப்பதற்கு முன்பே சொல்லாவிட்டால் போல்ட் முறியும்.

*

1965 முதல் 68 வரையிலான மஸ்டாங் வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரங்களில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். ஒருவர் உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். ஹீட்டர் பக்கமோ ஓட்டுநர் பக்கமோ சொட்டினால், உள்ளே காற்றுவழியைச் சுற்றியுள்ள தகரம் துருவில் போய்விட்டது என்று அர்த்தம். விழுந்த இலைதழை ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே துளி அடையாளம் தெரியாது. சரிசெய்ய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். பசை போட்டு ஒட்டும் மூடிகள் தற்காலிகம்தான்.

புதுக் கார்பெட் போட்ட வண்டியில் அதைத் தூக்கிப் பாருங்கள். மஸ்டாங்குக்குத் தனி சேசிஸ் இல்லை, தரைத்தகடும் அதோடு வெல்டு செய்த பெட்டிவடிவத் தகடுகளும்தான் பாரம் தாங்குகின்றன. அங்கே பட்டி பூசியிருந்தால் விலை பேசவே வேண்டாம். கன்வர்ட்டிபிள் என்றால் ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

*

எஞ்சின் பிரித்துக் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ளாட் டேப்பெட் கேம் (உருளை இல்லாத தட்டை டேப்பெட்டைத் தள்ளி வால்வைத் திறக்கும் எஞ்சின் கேம்) புதிதாகப் போட்டால் முதல் 20 நிமிடம் ஐட்லிங்கில் விடாதீர்கள், 2000 ஆர்.பி.எம்.முக்கு மேலேயே ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். கேமுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதில்தான் கிடைக்கிறது, ஐட்லிங்கில் அது போதாது. புதுக்கால எண்ணெயில் தேய்மானம் தடுக்கும் துத்தநாகம் குறைவு, அதனால் பழைய எஞ்சினுக்கென்றே வரும் எண்ணெய் வாங்குங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பி டைமிங்கை ஓரளவு வைத்துவிடுங்கள், முதல் சுற்றிலேயே பற்ற வேண்டும். செல்ஃபையே அடித்துக்கொண்டிருந்தால் கேமில் தடவிய பேஸ்ட் வழித்துப் போய்விடும். ஓட்டி முடித்ததும் எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துக் காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்புத்தூள் கற்றையாக ஒட்டினால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், வால்வ் கவரைத் திறந்து வால்வை அழுத்தும் ராக்கர்களில் எது குறைவாக எழும்புகிறது என்று தேடுங்கள்.