பிரிமரம், பிரிதுணி: ஒரு கலைச்சொல் விவாதம்

கோவையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

பழைய மரச்சட்டத்தில் பழைய சேலைத் துணியைப் பட்டையாக்கிப் பின்னி, உட்கார ஒரு ஸ்டூல் செய்யும் முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வந்து வேலை நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் 'ரீகிளெய்ம்டு' என்ற ஒரே சொல்லை மரத்துக்கும் துணிக்கும் வைத்துக்கொள்கிறார்கள். 'மீட்டெடுக்கப்பட்ட மரம்' என்று எழுதினால் அளவுப் பட்டியலில் இடம் போதவில்லை. 'பழைய மரம்' என்றால் வயதான மரமா, அறுத்து வெகுநாள் கிடந்த மரமா, ஒரு வேலையில் இருந்துவிட்டு வந்த மரமா என்று விளங்கவில்லை. 'மறுசுழற்சி மரம்' பொருளே தவறு. மறுசுழற்சியில் பொருளை நொறுக்கியோ உருக்கியோ கூழாக்கியோ வேறொன்றாக்குகிறோம். இங்கே மரம் மரமாகவும் துணி துணியாகவும் இருக்கின்றன.

சொல் எங்கே வந்து உட்கார வேண்டும் என்று தெரிவதற்காக வரைவின் அளவுப் பகுதியைத் தருகிறேன்:

சட்டம் வெளியளவில் 43 × 43 செ.மீ. கட்டைகள் 4 × 4 செ.மீ. கால் நான்கு, உயரம் 42 செ.மீ. கால்களுக்கு நடுவே திறப்பு 35 செ.மீ. கீழே, தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் நான்கு குறுக்குக் கட்டைகள். துணியை 10 செ.மீ. அகலத்தில் கிழித்து, இரு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் 2.5 செ.மீ. அகலத்தில் நாலடுக்குப் பட்டை கிடைக்கும். 35 செ.மீ. திறப்புக்கு 14 சுற்று. மேலும் கீழுமாக ஒரு சுற்றுக்கு 94 செ.மீ. ஆக, நீளவாட்டில் 13 மீட்டருக்குச் சற்று மேல், குறுக்கில் அதே அளவு. முடிச்சுக்கும் மேல்கீழ் வளைவுக்கும் சேர்த்து 29 மீட்டர் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தரை மீட்டர் நூல் சேலையில் நீளவாட்டில் கிழித்த ஆறு பட்டை போதும். சேலை அகலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் செலவாகும் என்பதால், நைந்த பகுதியை ஒதுக்கிவிட இடம் உண்டு.

என் கையில் இருப்பவை: மீள்மரம், மீட்டமரம், மறுமரம், உழைத்த மரம். எதுவும் மனத்துக்கு ஒட்டவில்லை. பழையதை நொறுக்காமல் மேலான பொருளாக்குவதைக் குறிக்கும் 'அப்சைக்ளிங்' என்ற சொல்லை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஆனாலும் அது பிறந்த இடத்தைக் கவனியுங்கள்: 1994-இல், பழைய கட்டடப் பொருள் வணிகத்துக்கான பிரித்தானிய இதழ் ஒன்றில், ராய்னர் பில்ஸ் சொன்னதாக அச்சானது. செங்கல்லையெல்லாம் நொறுக்குகிறார்களே என்ற ஆதங்கத்தில் வந்த சொல். தொழில் நடக்கும் இடத்திலிருந்து சொல் எடுப்பதுதான் முறை என்பது என் எண்ணம்.

காரைக்குடியிலிருந்து

ஐயா, 'மீட்ட' வேண்டாம். அடகு வைத்த நகையை மீட்கிறோம், வீணையை மீட்டுகிறோம். மரத்துக்கு அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை.

தொழிலில் இரண்டு சொல் இருக்கின்றன: வீட்டை இடிப்பது, வீட்டைப் பிரிப்பது. இடித்தால் உத்தரமும் கைமரமும் சுவரோடு சேர்ந்து விழும், முனை பிளக்கும், கழிவில்தான் போகும். பிரித்தால் கூரை ஓடுகளை இறக்கி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களைக் கழற்றி, கைமரத்தை ஒவ்வொன்றாக ஆணி பிடுங்கி இறக்குவார்கள், மரம் முழுநீளத்தில் வரும். 'வீடு பிரித்த மரம்' என்று கேட்டால் யாருக்கும் புரியும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக்கு இன்றும் விலை இருப்பது அது பிரித்த மரம் என்பதாலும்தான். இடித்த மரத்துக்கு அந்த மதிப்பு இல்லை.

ஆகவே 'பிரித்த மரம்' என்பதிலிருந்தே சொல் எடுக்கலாம். அந்தப் பெயரைக் கேட்டதும், முன்பு ஆணியோடு கோத்திருந்தது என்பது தச்சருக்கு நினைவு வரும். புது மரத்தில் செய்யத் தேவையில்லாத வேலை முழுவதும் அந்த நினைவில் அடங்கியிருக்கிறது. உங்கள் வரைவில் இவற்றைச் சேர்த்துவிடுங்கள்:

முதலில் கம்பித் தூரிகையால் மண்ணையும் சுண்ணாம்பையும் தட்டுங்கள். இழைப்புளி முனை மழுங்குவது பெரும்பாலும் ஆணியால் அன்று, மரத்தின் மேலோடு ஊறிக்கிடக்கும் மணலால். அடுத்து, நல்ல காந்தத்தை மரத்தின் நான்கு முகத்திலும் மெதுவாக ஓட்டுங்கள். தலை உடைந்து உள்ளே நின்றுவிட்ட ஆணிகள் கண்ணுக்குத் தெரியாது. தேக்கில் அந்த இடத்தைச் சுற்றிக் கருநீலக் கறை இருக்கும். இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கறை அது. காந்தம் ஏமாற்றினாலும் கறை காட்டிக்கொடுத்துவிடும். ஆணி பிடுங்கும்போது சுத்தியலின் கீழ் ஒரு துண்டுப் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் பள்ளம் விழும். தலை இல்லாத ஆணியை மேலிருந்து தோண்டாமல், கூர்முனைப் பக்கத்திலிருந்து பஞ்ச் என்னும் இரும்புக் குச்சியால் தட்டி வெளியே தள்ளுங்கள்.

பிறகு அறுக்கலாம். ஆனால் அளவுக்கு அறுக்க வேண்டாம். 4 செ.மீ. கட்டை வேண்டுமானால் 4.8-க்கு அறுத்து, நடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் இரண்டு வாரம் வைத்துவிட்டு இழையுங்கள். பல ஆண்டுகள் பாரம் தாங்கிய கைமரத்தை நீளவாக்கில் பிளந்ததும், உள்ளே அடங்கிக் கிடந்த இறுக்கம் விடுபட்டு வளையும். அறுத்த அன்றே இழைத்து இணைத்தால் ஒரு கால் தூக்கிக்கொள்ளும்.

பழைய ஆணித்துளை இருக்கும் இடத்தில் இணைப்பு வரக் கூடாது. அங்கே திருகாணி பிடிக்காது, பக்கத்தில் குறைந்தது 2 செ.மீ. தள்ளிப் போடுங்கள். துளையைத் தூளும் பசையும் குழைத்து அடைப்பார்கள், ஆனால் பாலிஷ் அதில் ஏறாமல் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதே மரத்தில் சீவிய முளையை அடித்து, மட்டமாக வெட்டிவிடுவதே மேல்.

பெயின்ட் அடித்த பழைய கதவு, சட்டம் என்றால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, நனைத்துச் சுரண்டி, சுரண்டலை அள்ளிக் கட்டிவிட வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த மரத்தை எடுக்காமல் விடுவதே நல்லது.

திருப்பூரிலிருந்து

காரைக்குடி அண்ணன் சொன்னதும் எனக்குச் சட்டென்று பட்டது: தையலிலும் நாம் 'பிரி' என்றுதான் சொல்கிறோம். தையல் பிரித்து, விளிம்பு பிரித்து, பாக்கெட் பிரித்து. மரத்துக்கும் துணிக்கும் ஒரே வினை. இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. வெட்டும் மேசையில் மிஞ்சும் துண்டுகளை இந்தப் பெயரில் சேர்க்காதீர்கள். இங்கே அதைக் 'கட்டிங் வேஸ்ட்' என்கிறோம். அது எதிலிருந்தும் பிரித்ததல்ல, யாரும் உடுத்தியதும் அல்ல. இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு.

உடுத்திய சேலை பலமுறை துவைபட்டது. சுருங்க வேண்டியது சுருங்கிவிட்டது, சாயம் போக வேண்டியது போய்விட்டது. பின்னிய பிறகு அளவு மாறாது. அதன் குறை வலு. கட்டிங் வேஸ்ட் வலுவாக இருக்கும், ஆனால் துவைக்காமல் பின்னினால் முதல் ஈரத்தில் இழுத்துக்கொள்ளும், பக்கத்துப் பட்டையில் சாயம் ஏறும். ஆகவே அதற்கு முதல் வேலை துவைப்பது, உடுத்திய துணிக்கு முதல் வேலை சோதிப்பது. ஒரே பெயர் வைத்துவிட்டால் புதிதாகச் செய்பவர் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவார்.

சோதிக்கும் முறை: துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நைந்த இடம் வலைபோலத் தெரியும். சந்தேகமான இடத்தில் இரு கட்டைவிரலையும் அருகருகே வைத்து, அழுத்தி, வெளிப்பக்கமாக இழுங்கள். நூல் விலகிவிட்டுத் திரும்பினால் நல்ல துணி. 'பொட்'டென்று விட்டால் இற்றுப்போனது. இடுப்பில் செருகும் பக்கமும் கொசுவம் வரும் இடமும் முதலில் இற்றுப்போகும். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் தாங்கும். பழைய பட்டு மடிப்பில் விட்டுப்போகும் என்பதால் உட்காரும் பொருளுக்கு வேண்டாம்.

பட்டையைக் கத்தரியால் முழுதும் வெட்டாதீர்கள். ஓரத்தில் 2 செ.மீ. வெட்டுக் கொடுத்துக் கையால் கிழியுங்கள். நூல் சேலை, நீளவாட்டில் ஓடும் பாவு இழையோடு நேராகக் கிழியும். பாவின் நீளம்தான் நெய்யும்போதே இறுக்கம் தாங்கிய நீளம், அதனால் இழுவைக்கு அதுதான் நிற்கும். கிழித்தல் கோணிக்கொண்டு போனால் அங்கே துணி செத்துவிட்டது என்று பொருள், அந்தப் பட்டையை எடுத்துவிடுங்கள். மூலைவாட்டில் சாய்வாக வெட்டி எடுத்த பட்டை ரப்பர்போல நீளும். பனியன் துணியும் அப்படியே, ஒரே மாதத்தில் இருக்கை தொட்டிலாகிவிடும். பாலியெஸ்டரில் முடிச்சு வழுக்கும். அதனால் நுனிகளை 4 செ.மீ. மேலேற்றி வைத்துச் சதுரமாகத் தைத்துச் சேருங்கள். நூல் பட்டைக்கும் இந்தத் தையலே நல்லது, ஏனென்றால் முடிச்சு உட்காரும் இடத்தில் உறுத்தும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பக்கம் பேச்சில் 'பாவித்த பலகை' என்போம், கழற்றி எடுத்ததென்றால் 'கழட்டின பலகை'. உங்கள் மறுசுழற்சி எங்களுக்கு மீள்சுழற்சி. ஆனாலும் கிடுகுக் (பின்னிய தென்னோலை) கூரையைப் பிரித்து வேய்வது எங்களுக்கும் பழகின சொல். 'பிரி' வந்தால் இங்கே ஒருவருக்கும் விளங்காமல் போகாது.

எனக்குச் சொல்லவேண்டியது வேறொன்று. பழைய வீட்டுக் கூரையிலிருந்து எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பனஞ்சலாகை, அதாவது பனையில் அறுத்த கூரைச் சட்டம். அதைக் காரைக்குடி ஐயா சொன்ன முறையில் இழைத்தால் வீணாகிவிடும். தேக்குக்கு வைரம் (மரத்தின் கெட்டியான பகுதி) உள்ளே, பனைக்கு வைரம் வெளியே. பனையின் கறுத்த பக்கத்தை 'அழுக்கு' என்று நினைத்து இழைத்து எடுத்தால் மிஞ்சுவது சோறு என்னும் மெத்தென்ற உட்பகுதிதான், அதில் திருகாணி நிற்காது. வைரப் பக்கத்தை வெளிமுகமாக வைத்து, ஆணி அடிக்காமல் முன்துளை போட்டு, வைரத்தின் வழியாகவே திருகாணி இறக்க வேண்டும். முனைகளை உப்புத்தாளால் உருட்டாவிட்டால் நார் ஊசிபோல் கையில் ஏறும், துணிப்பட்டையையும் அறுத்துவிடும்.

தொல்காப்பியத்து மரபியல் அகக்காழ் (உள்வைரம்) உள்ளதை மரம் என்றும் புறக்காழ் (வெளிவைரம்) உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை மரமே அல்ல. தாவரவியலும் இன்று பனையைப் புல்லைப்போல ஒருவித்திலைத் தாவரங்களோடுதான் சேர்க்கிறது. ஆகவே வழிகாட்டியில் 'அகக்காழ்', 'புறக்காழ்' இரண்டையும் எடுத்தாளுங்கள். புதிதாக ஆக்கத் தேவையில்லை, பொருளும் அப்படியே பொருந்துகிறது.

தஞ்சாவூரிலிருந்து

இலக்கணம் பற்றி மட்டும். 'பிரித்த மரம்' சுருங்கினால் 'பிரிமரம்'. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'பிரிதுணி' என்றே எழுத வேண்டும். 'பிரித்துணி' பிழை. தட்டச்சில் இந்த 'த்' தானாக நுழையும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தடை ஒன்று உண்டு. கயிற்றின் இழைக்கும் பிரி என்றுதான் பெயர், முப்பிரிக் கயிறு என்கிறோம். பட்டை பின்னும் வழிகாட்டியில் 'பிரி' என்று தனித்து வந்தால் குழப்பும். எனவே இழையைக் குறிக்க 'பட்டை' என்றே எங்கும் எழுதி, 'பிரி'யை இந்த இரண்டு தொகைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'கழல்மரம்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கழல்துணி என்றால் உடலிலிருந்து நழுவும் துணி என்ற பொருள் முந்திக்கொள்ளும்.

கோவையிலிருந்து

அனைவருக்கும் நன்றி. பிரிமரம், பிரிதுணி இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். திருப்பூர் அக்கா எச்சரித்தபடி, வெட்டும் மேசையின் மிச்சத்துக்குத் தனிப்பெயராக 'வெட்டுமிச்சம்'. தச்சுப் பட்டறையில் நுனியில் மிஞ்சும் கட்டைத் துண்டுக்கும் அதே சொல் பொருந்துகிறது.

சரக்கை அடுக்க அடியில் வைக்கும் மரத்தட்டான பேலட் பிரிமரத்தில் சேருமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். சேரும், அது கோத்ததைப் பிரித்ததுதான். பேலட்டுக்குப் புதுச்சொல் வேண்டாம், எல்லாரும் பேலட் என்றே சொல்கிறார்கள். முத்திரை பார்ப்பதை மட்டும் எழுதுகிறேன். கோதுமைக் கதிர் முத்திரைக்குப் பக்கத்தில் நாட்டின் குறியும் எச்.டி. என்ற எழுத்தும் இருந்தால் மரத்தின் உள்ளே 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையிட்டது, வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு எடுக்கக் கூடாது. முத்திரை எதுவாக இருந்தாலும் எண்ணெயோ மருந்தோ கொட்டிய கறையுள்ள பேலட்டைத் தொட வேண்டாம். அதன் ஆணிகள் திருகு வரி உள்ளவை, நெம்பினால் பலகை முனை பிளக்கும். பலகைக்கும் கட்டைக்கும் இடையே ஆக்சா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடுவதே வழி. தலை பலகையிலேயே நிற்கும், அதைப் பின்பக்கமிருந்து பஞ்ச்சால் தள்ளலாம்.

திருத்திய பகுதி:

"அகக்காழ் உள்ள பிரிமரத்தில் சட்டம் செய்து, துணி தொடும் மேல்விளிம்புகளை 5 மி.மீ. உருட்டவும். பிரிதுணிப் பட்டையின் நுனியைச் சட்டத்தின் உட்பக்கத்தில் தட்டைத்தலை ஆணியால் பிடித்து, நீளவாட்டில் 14 சுற்றுச் சுற்றவும். இந்தச் சுற்றுகளை முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். நடுவில் இரண்டு விரல் அழுத்தினால் 2 செ.மீ. இறங்க வேண்டும். இறுக்கினால் குறுக்குப் பட்டை மேல்கீழாக நுழைய இடம் இராது, கடைசி மூன்று சுற்றும் நின்றுவிடும். குறுக்கே நாலு சுற்று முடிந்ததும், வெட்டுமிச்சங்களைத் துவைத்து உலர்த்தி அடைத்த 3 செ.மீ. கனமுள்ள பையை மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவே நுழைக்கவும். மீதிச் சுற்றுகளுக்கு, பட்டையின் நுனியைத் தட்டையாகச் சீவிய மூங்கில் குச்சியில் குத்தித் தள்ளவும். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு குச்சியின் விளிம்பால் நெருக்கவும். நெருக்காமல் விட்டால் 14 வரவேண்டிய இடத்தில் 12-தான் வரும், உட்கார்ந்ததும் இடைவெளி விடும்."

'நெருக்கவும்' என்பதற்குத் தறியில் வேறு சொல் உண்டென்றால் திருப்பூர் அக்கா சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.