புதுப்பிப்பு: த்ரெட் அபார்ட்டும் பாதியில் நின்ற பில்லும்

தோவாளைப் பூச்சந்தைக் கடை ஒன்றுக்காக நான் எழுதிய பில் மென்பொருளில், த்ரெட்டை (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலையை) அபார்ட் செய்யும்போது, அதாவது வலுக்கட்டாயமாக நிறுத்தும்போது, கேட்ச் பகுதியில் (பிழையைப் பிடித்துக் கையாளும் இடத்தில்) பிடித்த பிழை மீண்டும் எழுவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

நான் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட்டின் நிரல் தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில், அபார்ட் எழுப்பும் பிழையான த்ரெட்அபார்ட்எக்ஸப்ஷனை நாம் பிடித்தாலும், அந்த நிறுத்தத்தை ரத்து செய்யும் ரீசெட்அபார்ட்டை அழைக்காவிட்டால், கேட்ச் முடியும் இடத்தில் அது தானாகவே மறுபடி எறியப்படும். அதை அழைத்துப் பார்த்தேன், பிழை அடங்கியது. ஆனால் த்ரெட் எந்த வரியில் வெட்டுப்படும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாததால், பிச்சிப்பூவின் எடை பதிந்து தொகை பதியாத பில்கள் தொடர்ந்து வந்தன. வியாபாரியின் கணக்கு பிசகுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, வேலையை வெட்டாமல் ‘நிறுத்து’ என்ற கோரிக்கையை மட்டும் தெரிவிக்கும் கேன்சலேஷன் டோக்கனுக்கு மாறி, ஒவ்வொரு பில்லும் முழுமையாகச் சேமிக்கப்பட்ட பிறகே நிறுத்தக் கோரிக்கை வந்துள்ளதா என்று சோதிக்கிறேன். டாட்நெட் 5 முதல் அபார்ட்டை அழைப்பதே பிழையாகிவிடும் என்பதால், எப்படியும் இந்த மாற்றம் தேவைப்பட்டிருக்கும்.