100% இயற்கை மெழுகு என்று போட்டிருக்கிறது, திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. போலியா?

வைகைக்கரை
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆன்லைனில் கார் மெழுகு ஒன்று வாங்கினேன். டப்பாவில் '100% இயற்கை கார்னாபா' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. பூசித் துடைத்தால் திட்டுத் திட்டாக நிற்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பம்பரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கை நிச்சயத்துக்கு வண்டி வேண்டும். ஏமாந்துவிட்டேனா?

செவலைக்காளை
வண்டி என்ன நிறம்? பேஸ்டா, லிக்விடா? நிழலிலா வெயிலிலா பூசினீர்கள்?

மழைத்துளி77
பம்பர் பெயின்ட் அடித்ததா, வெறும் கறுப்பு பிளாஸ்டிக்கா? அதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

பட்டறைத்தம்பி
இது சிலிகான் வேலைதான். கார்னாபா என்று எழுதிவிட்டுச் சிலிகான் எண்ணெயைக் கலந்து விற்கிறார்கள். சிலிகான் பட்ட பேனலைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பெயின்ட் அடித்தால் மீன்கண் மாதிரி குழி குழியாக விழும். நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். திருப்பி அனுப்புங்கள்.

கண்ணாடிமேனி
இதே கேள்விக்கு நான் எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்காமல் கேட்பவர்களுக்காக இன்னொரு முறை.

கார்னாபா என்பது வடகிழக்கு பிரேசிலில், சியாரா, பியாவி மாநிலங்கள் பக்கம் வளரும் ஒரு பனை. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க அதன் ஓலை மேல் மெழுகு கட்டும். ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் தூளாக உதிரும். உருக 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வேண்டும். தேன்மெழுகுக்கு 62, 64 போதும். மிட்டாய் உறையில் சேர்மானப் பட்டியலில் 903 என்று எண் இருந்தால் அதுவும் இதே மெழுகுதான்.

சுத்தமான கார்னாபாவைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்கு இந்தச் சந்தேகமே வராது. மஞ்சள் செதில்களாக இருக்கும். அழுத்தினால் உடையும், பரவாது. அதை வண்டியில் பூச வேண்டுமென்றால் ஏதாவதொரு கரைப்பானில் இளக்கியே ஆக வேண்டும். பெரும்பாலும் பெட்ரோலிய வகைக் கரைப்பான்தான், பெயின்டர்கள் வைத்திருக்கிற மினரல் டர்பென்டைன் ஜாதி. அந்த வாடைதான் உங்களுக்கு வந்தது. '100% கார்னாபா' என்று பெரும்பாலும் அதிலுள்ள மெழுகைத்தான் சொல்கிறார்கள், டப்பா முழுவதும் கார்னாபா என்று அர்த்தமில்லை. பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கப் பழகுங்கள்.

வைகைக்கரை
கறுப்பு வண்டி. பேஸ்ட். மதியம் ஒரு மணிக்கு வாசலில் வைத்துப் பூசினேன். பம்பர் அடிப்பகுதி வெறும் பிளாஸ்டிக்.

செவலைக்காளை
அதுதான் கேட்டேன். மதுரை மதிய வெயிலில் கறுப்பு பானட்டில் கை வைக்க முடியாது. கரைப்பான் உடனே ஆவியாகி, துடைப்பதற்குள் மெழுகு இறுகிவிடும். சாயங்காலம் வண்டி ஆறியதும் அதே பேஸ்டை மெல்லிசாக ஒரு சின்ன இடத்தில் மறுபடி பூசி, காயவிடாமல் உடனே துடையுங்கள். புதுப் பூச்சில் இருக்கிற கரைப்பான் பழைய திட்டை இளக்கிவிடும். வாடை வருகிறதே என்று பயந்தீர்கள், உங்களைக் காப்பாற்றப் போவதே அதுதான்.

மலைத்தேன்
என்னைக் கேட்டால் கடை மெழுகே வேண்டாம். தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து உருக்கிப் பூசுங்கள். அதுதான் உண்மையான இயற்கை.

பட்டறைத்தம்பி
தேங்காய் எண்ணெய் காயாது அண்ணே. ரோட்டுப் புழுதி முழுவதும் அப்பிக்கொள்ளும், அதைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். வீட்டுக் கதவுக்குப் பூசுங்கள், காருக்கு வேண்டாம்.

மலைத்தேன்
அப்புறம் பெட்ரோலில் கரைத்ததை இயற்கை என்று விற்பது மட்டும் நியாயமா?

கண்ணாடிமேனி
இயற்கை என்ற சொல்லை வைத்துக்கொண்டு தொங்காதீர்கள். ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மான்டன் மெழுகு எடுக்கிறார்கள். அதுவும் ஒரு காலத்தில் செடி கொடியின் மெழுகுதான். இயற்கையா இல்லையா, சொல்லுங்கள்.

மலைத்தேன்
நிலக்கரியை இயற்கை என்றால் பெட்ரோலும் இயற்கைதான். பிறகு அந்த வார்த்தையை டப்பாவில் எதற்கு அச்சடிக்க வேண்டும்? வாங்குகிறவர் தேனீயையும் மரத்தையும் நினைத்துத்தான் கூடுதல் காசு கொடுக்கிறார்.

மழைத்துளி77
மலைத்தேன் சொல்வதில் இந்த ஒன்று சரி. 'கார்னாபா கலந்தது' என்றால் எவ்வளவு என்றும் போட வேண்டும். அது நிற்க, பிளாஸ்டிக்குக்கு யாருமே வழி சொல்லவில்லையே. அந்த பிளாஸ்டிக் சொரசொரப்பானது, மெழுகு குழிக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் (ஊசி போடும் முன் துடைக்கிற ஸ்பிரிட் ஜாதி) பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மெல்லிய டூத்பிரஷ்ஷால் தேய்த்து உடனே துடையுங்கள். முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். மெழுகு துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள், தீப்பிடிக்கிற சரக்கு.

பட்டறைத்தம்பி
நான் இன்னும் சிலிகான் என்றுதான் சொல்வேன்.

வைகைக்கரை
திட்டு போய்விட்டது. ஆறு மணிக்கு மேல் செவலைக்காளை அண்ணன் சொன்னபடி செய்தேன். பம்பரில் ஓரமாகக் கொஞ்சம் இருக்கிறது. டப்பாவைத் திருப்பி அனுப்பவில்லை. எல்லோருக்கும் நன்றி.

செவலைக்காளை
நல்லது. டப்பாவின் பின்பக்கத்தை ஒரு போட்டோ போடுங்கள், என்ன கலந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

மழைத்துளி77
நானும் அதற்குத்தான் காத்திருக்கிறேன்.