காவேரிப்பட்டணம் வீடு – குடும்பக் குழு

சிட்னி பாப்பா: (5 படங்கள்) பெரியப்பா, இன்றைக்கு லீவு. துறைமுகத்தை ஒட்டின வோக்ளூஸ் பக்கம் சுத்தப் போனோம். பெரிய பணக்காரங்க இருக்கிற இடம்.

பெரியப்பா: அந்த மூணாவது படம் யார் வீடும்மா? கோட்டை மாதிரி இருக்கு.

சிட்னி பாப்பா: வோக்ளூஸ் ஹவுஸ். வீட்டுப் பேர்தான் ஏரியாவுக்கே ஆயிடுச்சு. 1803-ல் அங்கே இடம் வாங்கினவர் சர் ஹென்றி பிரவுன் ஹேஸ். அயர்லாந்துக்காரர். பணக்காரப் பெண்ணைத் தூக்கிட்டுப் போய்க் கட்டாயக் கல்யாணம் பண்ணப் பார்த்த கேஸில் தூக்கு விதிச்சு, அப்புறம் ஆயுள் தண்டனையாக்கி இங்கே நாடு கடத்திட்டாங்க.

தம்பி: கைதிக்குக் கடலோர பங்களாவா 😂

சிட்னி பாப்பா: இன்னும் கேள். பக்கத்துக் கலங்கரை விளக்கம், 1818-ல் கட்டினது. டிசைன் போட்ட கிரீன்வே போலிப் பத்திரக் கேஸில் கைதியா வந்தவர். கல் சரியில்லாம உதிர ஆரம்பிச்சு, 1883-ல் வேற கட்டினாங்க.

பர்கூர் அத்தை: நல்லவங்க யாரும் அங்கே போகலையா?

பெரியப்பா: அதை விடு. நிலம் என்ன விலை?

சிட்னி பாப்பா: வோக்ளூஸ் தெரியாது பெரியப்பா. கொஞ்சம் தள்ளி பாயின்ட் பைப்பர்ல ஃபேர்வாட்டர்னு ஒரு பழைய வீடு 2018-ல் சுமார் 10 கோடி டாலருக்குப் போச்சு. இடம் மூணு ஏக்கர்கூட இல்லை.

பெரியப்பா: இரு, கணக்குப் போடறேன்.

பெரியப்பா: சென்ட் கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வருது!! நம்ம மாந்தோப்பு அங்கே இருந்திருக்கணும்.

தம்பி: நமக்கு ஊர்ப் பேர்ல மட்டும்தான் பட்டணம் பெரியப்பா. ஓடறது தென்பெண்ணை, அதுலயும் பாதி நாள் தண்ணி இல்லை.

சிட்னி பாப்பா: ஆனா கரையோரமா நடந்து போக யாருக்கும் காசு கிடையாது. அந்த வோக்ளூஸ் வீட்டையும் 1910-ல் அரசாங்கம் பூங்காவுக்காக எடுத்துக்கிச்சு, இப்போ மியூசியம். புல்வெளியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுத்தான் வந்தோம்.

சிட்னி பாப்பா: சொல்ல மறந்துட்டேன். ஹேஸுக்குப் பாம்பு பயம். அயர்லாந்துல பாம்பே கிடையாதாம். அதனால அந்த ஊர் மண்ணைக் கப்பல்ல வரவழைச்சு வீட்டைச் சுத்திப் பள்ளம் வெட்டிப் போட்டாராம். கதைதான், ஆனா எல்லாரும் சொல்றாங்க.

தம்பி: பாட்டி கேட்கச் சொல்றாங்க: சிறியாநங்கைச் செடி கிடைக்கலையா அவருக்கு? வாசல்ல ரெண்டு வச்சா போதுமே.

பர்கூர் அத்தை: அடுத்த தடவை பாப்பா போகும்போது பாட்டி ஒரு செடி கட்டிக் கொடுத்துடுவாங்க.

சிட்னி பாப்பா: ஐயோ வேண்டாம் அத்தை! செருப்புல ஒட்டின மண்ணைக்கூட ஏர்போர்ட்ல தேய்ச்சுக் கழுவச் சொல்றாங்க.

தம்பி: பாட்டி: அப்போ அந்த ஆள் மட்டும் எப்படிக் கப்பல் நிறைய மண்ணு கொண்டு போனான்?

பெரியப்பா: தம்பி, த்ரீ பேஸ் கரண்ட் வந்துடுச்சு. மோட்டார் போடு முதல்ல.