1500டி, 55-250 லென்ஸ்: பறக்குற பறவை ஒழுங்கா விழ மாட்டேங்குது

செக்காலை:
கேனான் 1500டி, 55-250 லென்ஸ். உட்கார்ந்த பறவை நல்லா வருது. பறந்தா கொக்கு வெள்ளைத் திட்டாயிடுது, செம்பருந்து கறுப்பு நிழலாயிடுது, பாதிப் படம் மங்கல். ஸ்போர்ட்ஸ் மோடுதான். மார்கழியில வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போறேன். பெரிய லென்ஸ் வாங்கியே ஆகணுமா?

கலுங்கு:
லென்ஸ் இருக்கட்டும் தம்பி, முதல்ல மோடை மாத்துங்க. ஸ்போர்ட்ஸ் மோடு பின்னணியையும் சேர்த்துத்தான் வெளிச்சத்தை அளக்கும். கொக்குக்குப் பின்னாடி கருவேலமரம்னா இருட்டுன்னு கூட்டிடும், இறகு வெளுத்துரும். பருந்துக்குப் பின்னாடி வானம்னா குறைச்சிடும். பறவை மேல விழுற வெயில் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதானே? அதனால எம் மோடுல (எல்லாத்தையும் நாமே வைக்கிற மேனுவல்) எல்லாத்தையும் நிலையா வைங்க. காலை 8 மணி தெளிவான வெயிலுக்கு லென்ஸ் துளை எஃப்/5.6, ஷட்டர் வேகம் 1/1600 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400. வெள்ளைக் கொக்குன்னா ஷட்டர் 1/2500. எடுத்த படத்தை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) காட்டுற திரையில பாருங்க, வெளுத்துப்போன இடம் மினுக்கும். இறகுல மினுக்கினா ஷட்டர் வேகத்தை இன்னும் கூட்டணும். மேகம் மறைச்சா ஐஎஸ்ஓ 1600 வரைக்கும் தயங்காம ஏத்துங்க. பருந்து தலைக்கு மேல வந்தா அடிப்பக்கம் நிழல், அதுக்கு ஐஎஸ்ஓ 800 வேணும்.

மடைவாய்:
மங்கலுக்குக் காரணம் படத்துலயே தெரியும். பெரிசாக்கிப் பாருங்க. தலை தெளிவு, இறக்கை நுனி மட்டும் கலங்கல்னா ஷட்டர் வேகம் பத்தல. பின்னாடி மரம் தெளிவுன்னா ஃபோகஸ் தாவிடுச்சு. எல்லாமே ஒரே திசையில இழுத்திருந்தா கை ஆட்டம்.

ஃபோகஸுக்கு ஏஐ செர்வோ (நகர்றதைத் தொடர்ந்து ஃபோகஸ் பண்ற முறை), 9 ஃபோகஸ் புள்ளியில நடுப்புள்ளி மட்டும். லைவ் வியூ (பின் திரையில பார்த்து எடுக்கிறது) வேண்டாம், ரொம்ப மெதுவு, வியூஃபைண்டர்லயே பாருங்க. பறவை வர்ற தூரத்துல இருக்கிற மரத்துல முன்னாடியே ஃபோகஸ் வச்சிருங்க, இல்லேன்னா லென்ஸ் முன்னும் பின்னும் தேடுறதுக்குள்ள பறவை போயிடும். இந்தக் கேமரா நொடிக்கு 3 படம்தான். அழுத்திப் பிடிச்சுட்டு நம்பியிருக்காதீங்க, இறக்கை மேல போற நேரம் பார்த்து அழுத்துங்க. தொடர்ச்சியா நிறைய எடுக்கணும்னா ஜேபெக். ரா (சுருக்காத பெரிய ஃபைல்) வச்சா பத்துப் படத்துலயே பஃபர் (கேமராவோட தற்காலிக நினைவகம்) திணறும்.

கலுங்கு:
காத்தை விட்டுட்டோமே. பறவை எழும்புறதும் இறங்குறதும் காத்துக்கு எதிரா. மார்கழியில காத்து வடகிழக்கு. நம்ம பக்கம் நிலம் கிழக்கே சரியுறதால கண்மாய்க் கரை பெரும்பாலும் கிழக்குலதான் இருக்கும். காலையில கரையில நின்னா வெயில் உங்க முதுகுல, பறவை முகம் உங்களைப் பார்த்து. ஆடி மேல்காத்துல அதே இடத்துல வால்தான் கிடைக்கும், அப்ப சாயங்காலம் மேற்குப் பக்கம் போங்க. இது அமைஞ்சாலே 250 மி.மீ. போதும், நத்தைகுத்தி நாரை மாதிரி பெரிய பறவைக்குத் தாராளம்.

செக்காலை:
நன்றிண்ணே. மடையான் திடீர்னு எழும்பிடுதே, அதுக்கு என்ன செய்ய?

மடைவாய்:
திடீர்னு எழும்பாது. கழுத்து நீளும், உடம்பு தாழும், கால் மடங்கும். பருந்து கிளம்புமுன்னே பெரும்பாலும் எச்சம் போடும். அந்த நேரத்துல ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி வைங்க. ஜூமை 150க்குக் குறைச்சு, பறவை போற பக்கம் இடம் விட்டு வைங்க. 250லயே இருந்தா விரிஞ்ச இறக்கை ஃப்ரேமுக்கு வெளியே வெட்டுப்படும். எழுப்புறதுக்காகக் கை தட்டவோ கல் விடவோ கூடாது. சரணாலயத்தை ஒட்டின கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரங்க தீபாவளிக்கே வெடி போடாம காக்குற பறவைங்க அதுங்க. கூட்டை விட்டு எழும்பினா முட்டை வெயில்ல கிடக்கும், காக்கா தூக்கிட்டுப் போயிடும்.