புதுப்பிப்பு: கல்லடி ஒழுங்கை நியூட்ரல் பிரச்சினை

சில வீட்டில் பல்ப் மங்கல், பக்கத்து வீட்டில் அளவுக்கு மேல் வெளிச்சம் என்று முன்னர் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டது: ட்ரான்ஸ்போமரின் நியூட்ரல் (வீடுகளிலிருந்து மின்னோட்டம் திரும்பும் கம்பி) முனையில் செம்பு போல்ட்டில் அலுமினியம் கம்பியை நேரடியாக இறுக்கியிருந்தார்கள். கடற்காற்று உப்பில் அந்த இணைப்பு அரித்துவிட்டது. நியூட்ரல் விட்டால் 230 வோல்ட் நிலைக்காது. மூன்று பேஸில் (மின்சாரம் வரும் கம்பிகளில்) லோட் குறைந்ததில் 300ஐயும் தாண்டலாம்.

“ஏர்த் கம்பி (நிலத்தில் அடிக்கும் உலோகத் தண்டு) இன்னொன்று அடித்தால் போதாதா?” என்று கேட்டிருந்தீர்கள். போதாது. 20 ஓம் மின்தடையுள்ள ஏர்த் கம்பியில் 230 வோல்ட் முழுதாக வந்தாலும் ஓடுவது 11.5 அம்பியர்தான், காய்ந்த மணலில் இன்னும் குறையும். பல வீட்டு லோட்டுக்கு அது காணாது. ட்ரிப் சுவிட்சும் இந்த வோல்டேஜ் ஏற்றத்தைக் கண்டுகொள்ளாது, ஓவர் வோல்டேஜ் ரிலே (வோல்டேஜ் கூடினால் துண்டிக்கும் கருவி) வேண்டும்.

இப்போது செம்பும் அலுமினியமும் சேர்ந்த லக் (கம்பி முனை இணைப்பு) போட்டு, பிரஷால் தேய்த்து, கிரீஸ் பூசி இறுக்கியாயிற்று. மின்கம்பத்தில் இறங்கும் ஏர்த் வயர் அறுந்து தொங்கினால் தயவுசெய்து தொடாதீர்கள். அறுந்த இரு முனைக்கும் இடையே உயிர்க்கொல்லி வோல்டேஜ் இருக்கலாம்.